இரவல் நாற்காலிகள்

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஆறு பேரை வளர்த்தேன். நான்கு பேர் நான் பெற்றவர்கள். ஐந்தாவது, என் தங்கை பிரசவத்தில் இறந்தபோது விட்டுவிட்டுப் போன பிள்ளை. ஆறாவது என் மகளின் மகள். நான் சொல்லச் சொல்ல இதை எழுதிக்கொண்டிருப்பவள் அவள்தான். இந்த ஆறு பேரில் ஒருவரும் ஒரு நாளும் இன்னொருவர் வாசலில் போய்க் கையேந்தி நின்றதில்லை. அதை முதல் பக்கத்திலேயே போடு என்று சொல்லியிருக்கிறேன்.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் பெயரை எழுதுவேன். பஸ்ஸின் நெற்றியில் இருக்கிற ஊர்ப் பெயரைத் தமிழில் எழுத்துக் கூட்டிப் படிப்பேன். சிங்களத்தில் என்றால் வடிவத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன். கைநாட்டு வைக்கிற ஆள் இல்லை நான். ஆனால் ஒரு கோபத்தை முழுதாக எழுதி முடிக்கும் அளவுக்கு என் கை ஓடாது. டவுனில் இருக்கிற அரசாங்கக் கந்தோரில் கொடுத்த மேன்முறையீட்டுப் பத்திரத்தில் காரணம் எழுத நான்கு கோடு விட்டிருந்தார்கள். நாலே நாலு கோடு. அதில் எழுத வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டேன். மிச்சத்தை இங்கே சொல்கிறேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை.

டயகமவிலிருந்து மேலே ஏறிப் போகிற தேயிலைத் தோட்டத்தில், பத்துக் காம்பரா ஒட்டி ஒட்டி வரிசையாக நிற்கிற லயத்தில், எட்டாவது காம்பரா என்னுடையது. ஒரு அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற பலகை அடைத்த திண்ணை, பின்னால் குசினி. நாற்பத்தோரு வருடம் கொழுந்து பறித்தேன். இப்போது நானும் பேத்தியும் மட்டும் இருக்கிறோம். இவள் அம்மா, என் கடைசி மகள், கொழும்பில் ஒரு மாடிக் கட்டடத்தில் வீட்டு வேலை செய்கிறாள். சிங்களவர், முஸ்லிம்கள், யாழ்ப்பாணத்தார், இந்தியாவிலிருந்து வந்த கம்பெனிக்காரர், வெள்ளைக்காரர் என்று எல்லா ஆட்களும் அந்தக் கட்டடத்தில் ஒன்றாக இருக்கிறார்களாம். ஒரே லிஃப்டில் சிரித்துக்கொண்டு ஏறி இறங்குவார்களாம். என் மகள் மட்டும் சாமான் ஏற்றுகிற லிஃப்டில் போக வேண்டும். தீபாவளிக்கு வந்தபோது அவள் இதைச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பேத்திக்கு அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை. பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ், அதன் பிறகு டவுனில் வகுப்பு. மகள் அனுப்புவதும் எனக்கு வந்த பழைய நிவாரணமும் சேர்ந்துதான் இவளை இழுத்துக்கொண்டு போயின. அந்த நிவாரணத்தை நிறுத்திவிட்டார்கள். புதிதாக வீடு வீடாக வந்து பார்த்து, இல்லாதவர்களை மட்டும் எழுதப்போகிறோம் என்றார்கள். பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும்போது அந்தச் சேதி வந்தது. நாளைக்கு எங்கள் லயத்துக்கு வருகிறார்கள் என்று.

இங்கேதான் நான் செய்த தப்பைச் சொல்ல வேண்டும்.

எங்கள் லயத்தில் ஒரு வழக்கம். ஒரு காம்பராவுக்கு வெளியாள் வருகிறார் என்றால் பத்துக் காம்பராவின் நல்ல சாமானும் அந்தக் காம்பராவுக்கு வந்து சேரும். ஒருத்தி நாற்காலி கொடுப்பாள், ஒருத்தி பூப்போட்ட கோப்பை, ஒருத்தி ஜன்னல் துணி. என் மூத்த மகனுக்குச் சம்பந்தம் பேச உடப்புசல்லாவையிலிருந்து வந்தவர்கள் உட்கார்ந்த நாற்காலி ஒன்றுகூட எங்களுடையது இல்லை. அவர்களுக்கும் அது தெரியும். நாங்கள் மறுவீடு போனபோது அவர்கள் போட்ட நாற்காலிகளின் காலில் வேறு வேறு வீட்டு நம்பர் பெயின்டில் எழுதியிருந்தது. யாரும் வாயைத் திறப்பதில்லை. யாராவது தெரியாமல் கேட்டுவிட்டால் "எங்களதுதான்" என்று சொல்லிவிட வேண்டும். இரவல் என்று சொன்னால் வாங்கினவளுக்கு மட்டுமல்ல, கொடுத்தவளுக்கும் சேர்த்துக் குறைச்சல்.

ஒன்பதாவது காம்பராக்காரி என்னைப் பெரியம்மா என்று கூப்பிடுகிறவள். வயது நாற்பதுகூட இல்லை. அவளிடம்தான் இரண்டு குஷன் நாற்காலியும் டிவியும் இருக்கின்றன. அவள் வீட்டுக்காரன் நல்லாய் உழைத்த காலத்தில் வாங்கியவை. அப்புறம் அவன் மரம் வெட்டும்போது விழுந்து இடுப்பு உடைந்து, இரண்டு வருடமாகப் படுக்கையில் கிடக்கிறான். பிள்ளைகள் இரண்டும் சின்னதுகள். அவளுடைய ஃப்ரிஜும் என் இஸ்தோப்பில்தான் நிற்கிறது. அவள் பக்கம் கூரைத் தகரம் ஓட்டை என்பதால் மழைக்கு முன்னமே கொண்டுவந்து வைத்தாள். அது குளிர்ந்து பல காலம் ஆயிற்று. எலி கடிக்காமல் அரிசி வைக்கிற பெட்டி அது.

நாற்காலியைக் கேட்டபோது அவளே சொன்னாள்.

"நெவாரணத்துக்கு எழுத வர்றவளுக்கு எதுக்கு பெரியம்மா குஷன் நாக்காலி? பொண்ணு பாக்கவா வர்றா?"

"வூட்டுக்கு வர்றவள தரையில ஒக்கார வச்சி அனுப்பச் சொல்றியா? தூக்கிட்டு வாடி."

"தூக்கிட்டு வாறேன். டிவியையும் தூக்கிட்டு வரவா, மகாராணிக்கு?"

டிவி வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் இரண்டு குஷன் நாற்காலியைப் போட்டு, எதிரில் வெறும் சுவர் இருந்தால் நன்றாகவா இருக்கும்? "சரி, கொண்டு வா," என்றேன். என் வாயால் சொன்னேன்.

வந்தது ஒரு சிங்களப் பிள்ளை. கீழே இருக்கிற கிராமத்திலிருந்து நடந்தே ஏறி வந்திருந்தாள், செருப்பெல்லாம் சேறு. வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அந்த மரியாதை எனக்குப் பிடித்துப்போனது. நாற்காலியில் உட்கார வைத்து, கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தேன். அவளுக்குத் தெரிந்த தமிழும் எனக்குத் தெரிந்த சிங்களமும் போதுமாக இருந்தது. போனில் ஏதோ தட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஆச்சி, இந்த ஃப்ரிஜ் உங்களோடதா?"

"ஆமா."

"டிவி?"

"எங்களதுதான்."

"மக என்ன செய்யிறா?"

"கொழும்புல இருக்கா. நல்லா இருக்கா."

"வீட்ட ரொம்ப அழகா வச்சிருக்கீங்க ஆச்சி," என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வாசல் வரை போய் வழியனுப்பினேன். அடுத்து அவள் ஒன்பதாவது காம்பராவுக்குப் போனாள். அங்கே நாற்காலி இல்லை, டிவி இல்லை, ஃப்ரிஜ் இல்லை. கவிழ்த்து வைத்த வாளியில் உட்கார்ந்து எழுதினாளாம்.

பட்டியலைக் கிராம சேவகர் கந்தோர் சுவரில் ஒட்டினார்கள். பேத்தி விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள், மறுபடியும் மேலே போனாள். ஒன்பதாவது காம்பரா இருந்தது. எட்டாவது இல்லை. பின்னால் நின்ற பழைய கங்காணி, என்னைவிட இரண்டு வயது இளையவர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"ஒனக்குத்தான் மாளிக இருக்கே, ஒனக்கு எதுக்கு நெவாரணம்?"

"ஆமா, மாளிகதான். ஒம்பொண்டாட்டி போன மாசம் வாங்கிட்டுப் போன என்னோட குத்துவெளக்க மொதல்ல கொண்டாந்து குடு."

சிரித்தார்கள். நானும் சிரித்த மாதிரி இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஒன்பதாவது காம்பராக்காரி வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "நான் வேணும்னு செய்யல பெரியம்மா. வர்றதுல பாதி ஒங்களுக்குத் தந்துர்றேன்."

"ஒம்பாதி எனக்கு எதுக்குடி? மொகத்தக் கழுவிட்டுப் போய்ப் புள்ளைகளப் பாரு."

அன்றைக்கே மகள் போன் பேசினாள். யாரோ சொல்லியிருக்கிறார்கள். சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, அவள இங்க அனுப்பிருங்க. எட்டாம் மாடி வூட்டுக்கார நோனா, வேலைக்கு வீட்டோட இருக்க ஒரு புள்ள தேடுறாங்க. பத்து நாளைக்குள்ள சொல்லணுமாம்."

"பரீட்ச?"

"என் சம்பளத்துல மட்டும் அவ படிக்க முடியாதும்மா. நான் மட்டும் ஆசைப்பட்டா சொல்றேன்?"

பேத்தி பக்கத்தில்தான் இருந்தாள். புத்தகத்தை மூடவில்லை, பக்கத்தையும் திருப்பவில்லை. என் மகளும் பதினேழு வயதில் இப்படித்தான், தலை சீவிக்கொண்டு, ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். இன்னொருத்தியையும் சாமான் லிஃப்டில் ஏற்ற நான் இவளை வளர்க்கவில்லை.

மறுநாள் பேத்தியைக் கூட்டிக்கொண்டு டவுன் கந்தோருக்குப் போனேன். கதவு திறக்கும் முன்பே வரிசை ரோடு வரைக்கும் வந்துவிட்டது. சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று எல்லா ஆட்களும் இருந்தார்கள். கஷ்டம் வந்தால்தான் இந்த நாட்டில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக நிற்கிறோம். எனக்கு முன்னால் ஒரு சிங்களப் பெண். ஐம்பது வயதிருக்கும். கீழே கிராமத்தில் லீக்ஸும் கேரட்டும் போடுகிறவள். அவள் பெயர் பட்டியலில் வந்துவிட்டது. பேங்க் புத்தகப் பிரதி கொடுக்க வந்திருந்தாள். தோட்டத்துப் பிள்ளைகளோடு வேலை செய்து செய்து தமிழ் பேசுகிறாள். கையோடு கொண்டுவந்த பணிஸ் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் பேத்திக்குக் கொடுத்தாள். என் கதையைக் கேட்டதும் சிரித்த சிரிப்பில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"ஐயோ அக்கே! நாங்க டிவிய தூக்கி மாட்டுக் கொட்டிலுக்குள்ள போட்டு சாக்கால மூடினோம். நீங்க டிவிய உள்ள தூக்கிட்டு வந்தீங்களா!"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் அவள் கேட்டாள்.

"ஆனா அக்கே, ஒங்களுக்கு என்ன கொற? வீடு சும்மா, தண்ணி சும்மா, டொக்டர் சும்மா. எல்லாம் தோட்டம் குடுக்குதுதானே? இந்தியாவிலயும் காணி இருக்கும்."

சிரிப்பு நின்றது. கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். மலைக்கு மேலே நாங்கள், கீழே அவர்கள். கூப்பிட்டால் கேட்கிற தூரம். இத்தனை காலத்தில் எங்கள் வீடு யாருடையது என்றுகூட அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"அந்தக் காம்பரா எனக்கு சொந்தமில்ல புள்ள," என்றேன். "பின்னால ஒரு செவுரு வைக்கணும்னாலும் தொரைகிட்ட கேக்கணும். இந்தியாவுல எனக்கு யாரும் இல்ல. எங்க தாத்தாதான் அங்கருந்து வந்தாரு. நான் இங்க பொறந்தேன். எங்கம்மாவும் இங்கதான் பொறந்தா."

நான் சொல்லாமல் விட்டதும் இருக்கிறது. என் கொழுந்தன் குடும்பத்தை அரசாங்கம் இந்தியாவுக்கு அனுப்பியபோது ரயிலைப் பிடித்துக்கொண்டு ஓடி அழுதவள் நான். நான் இந்த நாட்டுக்காரி என்று எனக்குக் காகிதம் வந்தபோது நாலு பிள்ளையும் பிறந்துவிட்டது. அதுவரை நான் பறித்த கொழுந்து மட்டும் இந்த நாட்டுக் கொழுந்தாக இருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி தமிழர். எங்கள் தோட்டப் பக்கத்துத் தமிழர். "என்னாங்கம்மா" என்று அவர் ஆரம்பித்ததுமே தெரிந்துவிட்டது, இவருடைய அம்மாவோ பாட்டியோ கூடை சுமந்தவள் என்று. மனசுக்குள் ஒரு தைரியம் வந்தது. அந்தத் தைரியம் எவ்வளவு நேரம் நின்றது?

"ஃப்ரிஜ் இருக்கு, டிவி இருக்கு, குஷன் நாக்காலி இருக்கு. இன்னும் என்னா வேணும்?"

"அது எரவல்ங்க ஐயா."

"அன்னிக்கு எங்களதுன்னு சொல்லியிருக்கீங்க."

"சொன்னேன்."

"அப்ப பொய் சொன்னீங்க."

"ஆமாங்க. பொய்தான்."

பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். அதைப் பார்த்ததும் இவருக்கு வெட்கமாகப் போயிற்று போலிருக்கிறது. என்னால் வந்த வெட்கம். குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஏழன்னா ஏழ மாதிரி இருக்கணும்ங்கம்மா. நம்மாளுங்களுக்கு எதுக்கு இந்த வெட்டிப் பெரும?"

இதற்கு நான் சொன்ன பதிலை இவள் எழுதத் தயங்குகிறாள். எழுது.

"நாப்பத்தோரு வருசம் அட்டக்கடியில நின்னு கொழுந்து எடுத்திருக்கேன். ஏழ மாதிரி எப்படி இருக்குறதுன்னு எனக்கு யாரும் சொல்லித் தரல ஐயா. ஒங்க வூட்டுல சொல்லிக் குடுத்தாங்களா?"

அவர் முகம் சிவந்தது. பத்திரத்தை எடுத்து என் முன்னால் தள்ளினார். "சரி. எரவல்னா யாரோடது? பேரையும் காம்பரா நம்பரையும் எழுதிக் குடுங்க. போய்ப் பாத்து, சரியா இருந்தா ஒங்க பேரச் சேக்கலாம்."

"அவங்க பேரு?"

"அது எங்க வேல."

அது எங்க வேலை. அந்த மூன்று சொல்லில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. என்னை உள்ளே எடுக்க அவளை வெளியே தள்ளுவார்கள். படுக்கையில் கிடக்கிற புருஷனும் ஓட்டைக் கூரையும் போனில் ஏறாது. குளிராத ஃப்ரிஜ் ஏறும். பேத்தி பேனாவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் எழுதச் சொன்னால் எழுதியிருப்பாள். அவள் படிப்பு அந்தப் பேனா முனையில்தான் இருந்தது. ஒரு நிமிஷம், சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்பது என்கிற நம்பர் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதற்காகத்தான் அந்த மனிதரை என்னால் மன்னிக்க முடியவில்லை. நிவாரணம் கொடுக்காமல் போனால் போகட்டும். என்னை அந்த நிமிஷத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினாரே.

பேனாவை வாங்கி நானே எழுதினேன். நேரம் எடுத்தது. வரிசையில் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கட்டும். நாற்காலியும் டிவியும் ஃப்ரிஜும் என்னுடையவை இல்லை. என்னுடையவை என்று நான் பொய் சொன்னேன். யாருடையவை என்று சொல்ல மாட்டேன். வந்து என் வீட்டைப் பாருங்கள். அவ்வளவுதான். நாலு கோட்டில் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.

"இப்பிடி எழுதுனா நிக்காதும்மா," என்றார்.

"நிக்காட்டி படுக்கட்டும். வாங்கி வச்சிக்கிட்டதுக்கு ஒரு துண்டுச் சீட்டு குடுங்க."

கொடுத்தார். வைத்திருக்கிறேன்.

வெளியே அந்தச் சிங்களப் பெண் பஸ்ஸுக்கு நின்றாள். என் முகத்தைப் பார்த்தாள், என்னோடு அதே பஸ்ஸில் ஏறினாள். பஸ் பாதி வழி வந்த பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என் தோட்டத்துல லீக்ஸ் உரிச்சிக் கட்டணும் அக்கே. ஒக்காந்துட்டுச் செய்யிற வேலதான். கெழமைல நாலு நாள்."

டிவியை ஒளித்து வைத்தவளுக்கு நிவாரணம். டிவி இல்லாத நான் அவளிடம் கூலிக்குப் போக வேண்டும். அந்தக் கணக்கு எனக்கு அப்போதே எரிந்தது, இப்போதும் எரிகிறது. அவள் மேல் இல்லை. இரண்டு வருட மழையில் அவள் கேரட் அழுகிப்போன கதையையும் அந்த பஸ்ஸிலேயே கேட்டேன். இல்லாதவளையும் கொஞ்சம் இருக்கிறவளையும் ஒளித்து வை, காட்டிக்கொடு என்று மோத விடுகிறார்களே, அந்த ஏற்பாட்டின் மேல்தான் எரிகிறது.

"எத்தன மணிக்கி வரணும்?" என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்பதாவது காம்பராக்காரி வந்து நின்றாள். பேத்திதான் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"எம்பேர எழுதிக் குடுங்க பெரியம்மா. புள்ள படிப்பு கெட்டுறக் கூடாது."

"வாய மூடு. இனிமே இந்தப் பேச்செடுத்தா ஒன் ஃப்ரிஜ்ஜ தூக்கி ஆத்துல போட்டுருவேன், அரிசியோட."

மகளிடம் போனில் சொன்னேன். "பரீட்ச முடியிற வரைக்கும் இவ எங்கயும் வரமாட்டா. ஒன் நோனாகிட்ட சொல்லிரு."

"காசுக்கு என்னம்மா செய்வீங்க?"

"நான் என்னா செத்தா போயிட்டேன்?"

"குளுருக்கு சொட்டரு போட்டுட்டுப் போங்க," என்றாள்.

மூன்று வாரமாக லீக்ஸ் உரிக்கிறேன். கையெல்லாம் அந்த வாசம். மேன்முறையீட்டுக்குப் பதில் வரவில்லை. வராது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வந்தால் வரட்டும். எனக்கு வர வேண்டியதை நான் விடப் போவதில்லை; அடுத்த மாதம் மறுபடியும் போய் அந்த மேசைக்கு முன்னால்தான் நிற்பேன். அவரும் என்னைப் பார்த்தே ஆக வேண்டும்.

இவ்வளவுதான் சொல்ல இருந்தது. இவள் நல்ல பிள்ளை. யார் மனசும் நோகக் கூடாது என்று நினைக்கிறவள். எனக்கு அதுதான் பயம். நான் கோபமாகச் சொன்ன இடத்தில் இவள் வருத்தம் என்று போட்டிருக்கக்கூடும். பேனா இரண்டு இடத்தில் நின்றதை நான் பார்த்தேன்.

எங்கே, எடு அந்தக் கொப்பியை. முதலிலிருந்து வாசி. மெதுவாக வாசி, ஒரு சொல்லும் விடாதே.